வெள்ளவத்தை மணலில் ஒரே வகை மட்டி, கல்கிசைப் பாறையடியில் வகை வகையாக: கடலடி செய்யும் வேலை

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்க உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுத் தொடங்குகிறேன். கம்பஸ் செயற்றிட்டத்துக்காகக் கொழும்புக் கரையில் இரண்டு இடங்களில் மணல் எடுத்திருக்கிறீர்கள். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்குக் கீழே, அலை ஏறி இறங்கும் இடத்தில் அரித்துப் பார்த்தால் ஒரே வகை மட்டிதான், ஆனால் அள்ள அள்ள வருகிறது. கல்கிசைப் பக்கம் பாறைக்குப் பின்னால் எடுத்த அதே அளவு மணலில் அரிசிமணி அளவு, கடுகு அளவு என்று எத்தனையோ வகைச் சங்கும் சிப்பியும். "மணல்மணியின் பருமன்தான் காரணம் என்று எழுதலாமா? அப்படியென்றால் மணி மிகச் சிறிதாக இருக்கும் சேற்றில் எதுவுமே இருக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் பாதிதான் சரி. மற்றப் பாதி கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் மணியின் பருமன். 1922 இல் வென்ட்வர்த் என்ற அமெரிக்கப் புவியியலாளர் வகுத்த அளவுகளைத்தான் இன்றைக்கும் எல்லாரும் பாவிக்கிறோம். 2 மில்லிமீற்றருக்கு மேலே போனால் பரல், அதிலிருந்து 0.063 மில்லிமீற்றர் வரை மணல், அதற்கும் கீழே சேறு. சல்லடை அடுக்கில் போட்டுக் குலுக்கினால் அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை. அதனால்தான் எல்லா ஆய்வுக் கட்டுரையிலும் மணியின் பருமன் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் அந்த மணியை அந்த இடத்தில் கொண்டுவந்து போட்டது யார்? தண்ணீர். ஓட்டம் வேகமாக இருக்கும் இடத்தில் பொடி தங்காது, பருமணிதான் தங்கும். தண்ணீர் அடங்கிய இடத்தில்தான் பொடி மெல்ல இறங்கிப் படியும். ஆகவே நீங்கள் மணியை அளக்கும்போது உண்மையில் அளப்பது, அடித்தளத்தை ஒட்டி ஓடும் தண்ணீரின் பலத்தை. அதே தண்ணீர்தான் ஒட்சிசனைக் கொண்டுவருகிறது, சாப்பாட்டைக் கொண்டுவருகிறது, குடம்பிகளை, அதாவது நீரில் மிதந்து திரியும் இளம்பருவங்களை, கொண்டுவந்து இறக்குகிறது, சில நாள் வீட்டையே பெயர்த்துக்கொண்டும் போகிறது. 1994 இல் ஸ்னெல்குரோவ், பட்மன் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, மணிப் பருமன் ஒன்றே விலங்குகளை இங்கே இரு, அங்கே இரு என்று நிறுத்துகிறது என்பதற்கு ஆதாரம் போதாது, ஓட்டத்தையும் உணவையும் சேர்த்துப் பாருங்கள் என்று எழுதினார்கள். நான் பேசப்போவதும் அந்தப் பக்கம் நின்றுதான்.

வெள்ளவத்தைக்கு வருவோம். அடுத்த முறை போகும்போது அரிதட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் குந்தியிருந்து பாருங்கள். அலை வடியும்போது ஈர மணலில் ஆப்பு வடிவத்தில் சின்னச் சின்ன மட்டிகள் வெளியே வந்து கிடக்கும். அடுத்த அலை ஏறுவதற்குள் ஒவ்வொன்றும் காலை நீட்டி, ஓட்டை நிமிர்த்தி, இரண்டு மூன்று இழுப்பில் உள்ளே போய்விடும். டொனாக்ஸ் என்ற பேரினம் இது. ஓடு வழுவழுப்பு, ஒரு முனை கூர். மணலுக்குள் இறங்குவதற்கென்றே செதுக்கிய மாதிரி. அலை ஏறும்போது அதில் சறுக்கி மேலே வரும், இறங்கும்போது சறுக்கிக் கீழே போகும். மண்ணைத் தின்பதில்லை. சின்னக் குழாயை நீட்டி, தண்ணீரில் மிதந்து வருவதை வடித்துச் சாப்பிடும். நுரைத்துக்கொண்டு வரும் அலையில் அதற்குக் குறைவே இல்லை.

அந்த இடத்தில் வாழ ஒரே ஒரு பரீட்சைதான்: புரட்டிப் போட்டால் அடுத்த அலைக்குள் புதைய வேண்டும். மிகச் சில இனங்கள்தான் அதில் தேறுகின்றன. தேறியவை முழுப் பந்தியையும் தாங்களே சாப்பிடுகின்றன. அதனால்தான் எண்ணிக்கை அவ்வளவு அதிகம், வகை அவ்வளவு குறைவு. உங்கள் குறிப்பில் "வெள்ளவத்தை வளமற்ற கரை" என்று ஓர் இடத்தில் இருக்கிறது, அதை வெட்டிவிடுங்கள். சதுர மீற்றருக்கு எத்தனை உயிர் என்பது ஒரு கணக்கு, எத்தனை வகை என்பது வேறு கணக்கு.

கல்கிசையில் கதை வேறு. கொழும்பிலிருந்து தெற்கே கரைக்குச் சமாந்தரமாக மணற்கல் பாறைகள் கிடக்கின்றன, பார்த்திருப்பீர்கள். அலை அதில் அடித்துப் பலம் இழந்துதான் பின்பக்கம் வருகிறது. பாறையின் நிழலில் பருமணல், உடைந்த சிப்பி, முருகைக்கல் துண்டு, பாசி, கொஞ்சம் பொடி எல்லாம் கலந்து தங்குகின்றன. அதில் ஒரு பிடியை எடுத்து நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, வெள்ளைச் சோசரில் பரப்புங்கள். ஈரமாக்கிய மெல்லிய தூரிகை ஒன்று, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று போதும், நுணுக்குக்காட்டி அப்புறம் பார்க்கலாம். முதலில் எல்லாம் வெறும் குறுநொய் மாதிரி இருக்கும். பத்து நிமிடம் போனால் கண் பழகிவிடும். கோபுரம் மாதிரி ஒன்று, பொத்தான் மாதிரி ஒன்று, வளைந்த குழாய் மாதிரி ஒன்று, இரண்டு பக்கமும் திறந்த குட்டி யானைத் தந்தம் மாதிரி ஒன்று. இவற்றில் பல முழுசாக வளர்ந்த விலங்கின் ஓடு. குஞ்சு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

அதில் ஒல்லியான, மணி மணியாகச் செதுக்கிய சின்னக் கோபுரம் ஒன்று கிடைத்தால் வாயைப் பாருங்கள். மற்றச் சங்குகளுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் அது ட்ரைஃபோரா குடும்பம். வலம்புரிச் சங்குக்கு ஆட்கள் எவ்வளவு காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் குடும்பம் அநேகமாக முழுக்கவே வலம்புரி. சில மில்லிமீற்றர் நீளம் என்பதால் பூசை அறைக்கு யாரும் கேட்பதில்லை. இவை சாப்பிடுவது கடற்பஞ்சை. கடற்பஞ்சு ஒட்டியிருக்கக் கல் வேண்டும், கல்லில் சேறு மூடாமல் இருக்க ஓட்டம் வேண்டும். ஆக, ஒரு சோசரில் ட்ரைஃபோரா கிடக்கிறது என்றால், பக்கத்தில் எங்கேயோ கல்லும் கடற்பஞ்சும் நகரும் தண்ணீரும் இருக்கின்றன என்று எழுதிவைத்த மாதிரி.

அதே மாதிரி, யூலிமா குடும்பத்துக் கண்ணாடி போன்ற வெள்ளைச் சங்குகள் நட்சத்திரமீன், கடல் அட்டை போன்றவற்றில் ஒட்டுண்ணியாக வாழ்பவை. பிரமிடெல்லா வகை மற்றச் சிப்பி, புழுக்களில் ஊசி போன்ற வாயால் குத்தி உறிஞ்சும். யானைத்தந்த வகை மணலுக்குள் தலைகீழாகப் புதைந்து, நூல் மாதிரிக் கைகளால் ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைக்கல உயிர்களைத் துழாவிப் பிடிக்கும். ஒரு பிடி மணலில் இத்தனை தொழில். சின்ன உருவமாக இருப்பதன் பெரிய வசதி இதுதான்: உங்களுக்கும் எனக்கும் ஒரு பாறை என்று தெரிவது, மூன்று மில்லிமீற்றர் விலங்குக்கு மேல்பக்கம், கீழ்ப்பக்கம், வெடிப்பு, பாசி வேர், பாசி இலை, பழைய சிப்பியின் குழி என்று பத்துக் காணி. ஒவ்வொரு காணிக்கும் ஓர் ஆள்.

இங்கேதான் கவனம் தேவை. அந்தச் சோசரில் கிடப்பதில் பல அந்த மணலில் வாழ்ந்ததே இல்லை. பாறையிலும் பாசியிலும் கடற்பஞ்சிலும் வாழ்ந்து, செத்து, ஓடு கழன்று கீழே விழுந்து மணலோடு சேர்ந்தவை. வெற்று ஓடு வருடக்கணக்காகக் கிடக்கும். சில இடங்களில் அதையும் தாண்டி மிக நீண்ட காலம் கிடக்கும். ஆகவே நீங்கள் எண்ணியது அக்கம்பக்கத்தின் எல்லா வாழிடங்களையும், பல காலத்தையும் ஒன்றாகக் கொட்டிய குவியல். வெள்ளவத்தையில் எண்ணியதோ உயிரோடு இருந்த மட்டி. இரண்டையும் நேரே ஒப்பிட்டால் கல்கிசை எப்படியும் வெல்லும். உயிருள்ளதைத் தனியாக, வெற்று ஓட்டைத் தனியாக எண்ணி இரண்டு நிரல் போடுங்கள்.

வெற்று ஓட்டை வீசிவிடச் சொல்லவில்லை. நிறையப் பேசக்கூடிய சாட்சி அது. சிப்பி ஓட்டில் வட்டமாக ஒரு துளை இருந்தால் சரித்துப் பாருங்கள். விளிம்பு புனல் மாதிரிச் சரிந்து உள்ளே போனால் துளைத்தது நிலாச்சங்கு. மணலுக்குள்ளேயே ஊர்ந்து இரையைக் காலால் போர்த்திப் பிடித்துத் துளைக்கும் வகை அது. துளை நேர் சுவராக இருந்தால் பெரும்பாலும் மியூரெக்ஸ் குடும்பம், கல் பக்கத்து ஆள். ஒரு துளையை வைத்தே அந்த மட்டியைத் தின்றவர் மணல்காரரா கல்காரரா என்று சொல்லிவிடலாம்.

இனி மணிக் கலப்பு. ஒரே பருமனில் அரித்தெடுத்த மாதிரி இருக்கும் மணலைவிட, பல பருமனும் கலந்த அடித்தளத்தில் வகை கூடும் என்று பொதுவாகப் பார்க்கப்படுகிறது. 1992 இல் எட்டர், கிராசில் என்ற ஆய்வாளர்கள் மேற்கு வட அத்திலாந்திக்கின் ஆழ்கடல் மாதிரிகளை வைத்து, படிவில் துகள் அளவுகள் எவ்வளவு பலவிதமோ அவ்வளவுக்கு இனங்களும் பலவிதம் என்று காட்டினார்கள். மண்ணைத் தின்று வாழ்பவை தங்களுக்கு ஏற்ற அளவுத் துகளைப் பொறுக்கித் தின்பதால் இருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். அது ஆழ்கடல். கொழும்புக் கரையில் எனக்கு அதைவிட எளிமையான விளக்கமே போதும் என்று படுகிறது: சேற்றுத் தரையில் ஒரு செத்த சிப்பி ஓடு கிடந்தால், அந்த ஓட்டின் மேல் ஒட்டி வாழ்பவைக்கு அது ஒரு தீவு. கலப்பு என்றால் தீவுகள் கூடுதல்.

அடுத்தது சேறு. "எதுவுமே இருக்காதா" என்று கேட்டீர்களே, நீர்கொழும்புக் களப்பின் ஓரத்தில் ஒரு நாள் இறங்கி நில்லுங்கள். மேலே ஒரு விரல்கடைகூட இல்லாத மண்ணிறத் தோல், அதற்குக் கீழே தார் மாதிரிக் கறுப்பு. காலை இழுத்து எடுத்தால் கூழ்முட்டை நாற்றம். மேல்தோல் வரைக்கும்தான் ஒட்சிசன் இறங்குகிறது. பொடி மணிகளுக்கிடையே தண்ணீர் ஓட இடமில்லை, இறங்கிய கொஞ்சத்தையும் பற்றீரியா தீர்த்துவிடும். அதன் கீழே வேறு வகைப் பற்றீரியா சல்பேற்றைக் கொண்டு மூச்சு விடுகிறது. அதில் வருவதுதான் அந்த நாற்றமும், இரும்போடு சேர்ந்த அந்தக் கறுப்பும்.

இருந்தும் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். டெல்லினா வகை மட்டி ஆழத்தில் படுத்துக்கொண்டு நீளமான குழாயை மேலே அனுப்பும். குழாய் நுனி வீடு கூட்டும் இயந்திரம் மாதிரி மேற்பரப்பைத் துழாவி உறிஞ்சும். நியூகுலா வகை வாய்ப்பக்கத்தில் இருக்கும் தும்பிக்கை போன்ற உறுப்பால் மண்ணைக் கிளறித் தின்னும். லூசினா குடும்பத்துக்காரர் இன்னும் கெட்டிக்காரர்: செவுளுக்குள் கந்தகப் பற்றீரியாவைக் குடிவைத்திருக்கிறார்கள். மற்றவருக்கு நஞ்சான ஐதரசன் சல்பைட்டை அந்தப் பற்றீரியா பயன்படுத்தி உணவு செய்ய, மட்டி அதில் வாழ்கிறது. சேற்றின் மேலே நஸ்ஸாரியஸ் என்ற சின்னச் சங்கு ஒரு குழாயைத் தூக்கி மோப்பம் பிடித்துக்கொண்டு திரியும். செத்த மீன் ஒன்று விழட்டும், எங்கிருந்து வந்தன என்று தெரியாமல் நாலு பக்கத்திலிருந்தும் வரும். நண்டும் இறாலும் புழுவும் தோண்டிய வளைகள் தனிக் கதை. கலியோமா கூட்டத்துச் சின்ன மட்டிகளில் பல, அந்த வளைகளில் வீட்டுக்காரரோடு குடியிருப்பவை. வளை வழியே தண்ணீர் கீழே போய்வருவதால் வளைச் சுவரைச் சுற்றி மட்டும் ஒட்சிசன் இருக்கும். சேறு என்று மேலிருந்து பார்த்துப் பேசாமல், வளை இருக்கும் சேறா இல்லாத சேறா என்று பார்க்க வேண்டும்.

மணலில் வடிகட்டித் தின்பவை, சேற்றில் மண் தின்பவை என்ற பிரிவை 1958 இல் ஹவார்ட் சாண்டர்ஸ் அமெரிக்காவின் பஸர்ட்ஸ் விரிகுடாவில் தெளிவாகக் காட்டினார். ஏன் அப்படி என்பதற்கு அதே விரிகுடாவில் 1970 இல் ரோட்ஸ், யங் இருவரும் ஒரு விளக்கம் தந்தார்கள். மண் தின்பவை ஓயாமல் கிளறிக் கிளறி மேற்பரப்பைக் கஞ்சி மாதிரி ஆக்கிவிடுகின்றன. சின்ன ஓட்டத்துக்கே அது கலங்கி எழுகிறது. வடிகட்டித் தின்பவரின் செவுள் அடைபடும், அவர்களுடைய குஞ்சுகள் புதைபடும். ஆக, அடித்தளம் விலங்கைத் தீர்மானிக்கிறது என்று மட்டும் சொல்ல முடியாது. விலங்கும் அடித்தளத்தை மாற்றி, அடுத்தவரை வரவிடாமல் செய்கிறது. கடற்புல் இதற்கு எதிர்ப்பக்கம்: வேரால் மண்ணைப் பிடித்து, இலையால் ஓட்டத்தைத் தணித்து, இலையிலேயே சின்னச் சங்குகளுக்கு மேய்ச்சலும் கொடுக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களிடம் இதற்குச் சொந்தமாகச் சொற்கள் இருந்தன. முத்துச்சிப்பி ஒட்டும் கடினமான தரைத்திட்டு 'பார்'. மணல் என்றால் அங்கே சிப்பி நிற்காது. சங்கு குளித்தவர்கள் மணலையும் ஒரே மணலாகப் பார்க்கவில்லை. 'பூச்சி மணல்' என்று ஒன்றைப் பிரித்துச் சொன்னார்கள். பூச்சி என்றால் இங்கே குழாய்ப் புழு. சங்கின் சாப்பாடு அந்தப் புழு, அது இருக்கும் மென்மணலில் சங்கு இருக்கும். கவனியுங்கள், மணிப் பருமனை அவர்கள் சொல்லவில்லை, அந்த மணலில் என்ன வாழ்கிறது என்பதைச் சொன்னார்கள். என் கணிப்பில் இது நம்முடைய பல ஆய்வு அட்டவணைகளைவிடச் சரியான வகைப்படுத்தல்.

பெரிய பார் என்று ஒரு பார் இருந்தது. மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து தூரத்தில், கடலடி சட்டென்று ஆழத்துக்கு இறங்கும் விளிம்புக்குப் பக்கத்தில். 1902 இல் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் முத்துச்சிப்பி ஏன் வருவதும் மறைவதுமாக இருக்கிறது என்று பார்க்க இலங்கை வந்தார். அவருடைய அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. பெரிய பாரில் திரும்பத் திரும்பக் கோடிக்கணக்கில் குஞ்சுச் சிப்பி வந்து ஒட்டும். முத்துக்குளிப்பு நடத்தும் அளவுக்கு மட்டும் வளராது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அடிநீரோட்டமும் நகரும் மணலும் அவற்றை வாரிக்கொண்டோ மூடிவிட்டோ போய்விடும். குளிகாரர்கள் அதைத் தாய்ப் பார் என்றார்கள், அங்கே பிறந்தவைதான் மற்றப் பார்களுக்குப் போகின்றன என்று நம்பி. ஹேர்ட்மன் அந்தக் குஞ்சுகளை அள்ளிப் பாதுகாப்பான பார்களில் கொண்டுபோய் விடச் சொன்னார், தரையில் கல்லும் ஓடும் போட்டு ஒட்ட இடம் கொடுக்கவும் சொன்னார்.

முத்துச்சிப்பி உங்கள் கடுகு அளவுச் சங்குக்கு முன்னால் ராட்சதன். ஆனாலும் பாடம் ஒன்றுதான். தரை என்ன வகை என்பது ஒரு கேள்வி, அந்தத் தரை வருடம் முழுக்க அப்படியே நிற்குமா என்பது இன்னொரு கேள்வி. கொழும்புக் கரையில் இரண்டாவதுதான் பெரிய கேள்வி. மே முதல் செப்டெம்பர் வரை கடல் கொந்தளிப்பு, பல இடங்களில் கரை மணலே காணாமல் போகும். டிசம்பருக்குப் பிறகு திரும்பி வரும். வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் எல்லாக் கலக்கலையும் அலைதான் செய்கிறது. ஓர் ஆண்டுக்கு மேல் அசையாமல் இருக்க வேண்டிய இனம் திறந்த கரையில் வாழ முடியாது. பாறை நிழலிலும், அலையின் கை எட்டாத ஆழத்திலும்தான் வாழும். நீங்கள் பெப்ரவரியில் ஒரு தடவை எடுத்துவிட்டுக் "கொழும்பின் பல்வகைமை" என்று தலைப்புப் போட்டால், ஜூலையில் ஒருவர் போய் எடுத்து வந்து உங்களைப் பொய்யராக்கிவிடுவார்.

களனி கங்கையை விட்டுவிட முடியாது. 145 கிலோமீற்றர் ஓடிவந்து முகத்துவாரத்தில் நன்னீரையும் சேற்றையும் கொட்டுகிறது. வெள்ளக் காலத்தில் காக்கைதீவுப் பக்கம் கடல் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். உப்புக் குறைந்தால் இனம் குறையும். நன்னீரும் கடல்நீரும் நடுவில் சந்திக்கும் அந்த உவர் வரம்பில்தான் இனம் மிகக் குறைவு என்று ரெமானே 1934 இல் போல்ட்டிக் கடலை வைத்து வரைந்த வளைகோடு உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கும். அதனால் ஆற்றுவாயில் எடுக்கும் மாதிரியில் வகை குறைந்தால் பழியைச் சேற்றின் மேல் மட்டும் போடாதீர்கள்.

அப்புறம் மனிதர் செய்த மாற்றங்கள். கொழும்புக் கடலடி நூற்றைம்பது வருடமாக மாற்றப்பட்டுக்கொண்டே வருகிறது. துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கியை 1875 இல் தொடங்கி 1885 இல் முடித்தார்கள். அதுவரை பருவக்காற்றின் முழு அடியையும் வாங்கிய தரை, திடீரென்று அடங்கிய குளமானது. அடங்கிய நீரில் பொடி படியும், பொடியோடு மண் தின்பவை வரும். ரயில் பாதையைக் காக்கக் கொட்டிய கருங்கல் இன்னொரு மாற்றம்: பாறையே இல்லாத இடத்தில் கிலோமீற்றர் கணக்கில் பாறைக்கரை. வெள்ளவத்தையில் அந்தக் கல்லில் ஒட்டியிருக்கும் சிப்பியையும், குடை மாதிரிச் சங்கையும், எட்டுத் தகடு அடுக்கிய கைட்டனையும் நீங்கள் எண்ணினீர்களா? மூன்று அடி தள்ளி மணலில் ஒரே வகை, கல்லில் இத்தனை. ஒரே கடல்நீர், ஒரே அலை, தரை மட்டும்தான் வேறு. உங்கள் செயற்றிட்டத்துக்கு இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. கல்கிசைக்குப் பஸ் ஏறத் தேவையே இல்லை.

கொழும்புத் துறைமுக நகரத்துக்கு 269 ஹெக்டயர் நிலத்தைக் கடலில் எழுப்பக் கடலடி மணலைத்தான் உறிஞ்சி எடுத்தார்கள். இப்படி மணல் அள்ளும்போது போவது மேல்தோல், அதாவது சின்ன விலங்குகள் அநேகமாக எல்லாம் வாழும் அந்த முதல் சில அங்குலம். குழி விழுந்த இடத்தில் ஓட்டம் தணிந்து பொடி சேர்ந்தால், திரும்பி வருகிறவர்கள் பழைய குடியாக இருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை சில வருடத்தில் நிரம்பிவிடலாம், பெயர்ப்பட்டியல் வேறாக இருக்கும். "மீண்டுவிட்டது" என்று யாராவது எழுதினால், எண்ணிக்கையா பட்டியலா என்று கேளுங்கள்.

2021 மே 20 இல் தீப்பிடித்து ஜூன் 2 இல் மூழ்கத் தொடங்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் குருணி உங்கள் சோசரிலும் வரும். ஏறத்தாழ 1,680 தொன் என்று கணக்கு. பருமனில் அது சரியாகச் சின்னச் சங்கு, மட்டிகளின் அளவு. இலேசானது என்பதால் அலை அதைக் கொண்டுபோய் ஒதுக்கும் வரியும், வெற்றுக் குட்டி ஓடுகளை ஒதுக்கும் வரியும் பல இடத்தில் ஒன்றுதான். எடுத்து எண்ணித் தனியாகக் குறித்துவையுங்கள். சும்மா பொறுக்கி வீசிவிட வேண்டாம், அதுவும் ஒரு தரவு.

குடம்பி பற்றி ஒரு கேள்வி எப்படியும் கேட்பார்கள். நீந்தித் திரியும் குடம்பி காற்றில் விழும் விதை மாதிரி விழுந்த இடத்தில் முளைப்பதில்லை. பல இனங்களின் குடம்பி தரையைக் காலால் தொட்டுப் பார்க்கும், பிடிக்காவிட்டால் எழும்பிப் போய்விடும், உருமாறுவதைச் சில காலம் தள்ளியும் போடும். பற்றீரியாப் படலம், தன் இனத்தாரின் வாசனை, இரையின் வாசனை இவையெல்லாம் அடையாளம். ஆனால் அது தெரிவு செய்யக்கூடிய தூரம் சில மீற்றர்தான். எந்தக் கரைக்கு வருவது என்பதை நீரோட்டம் முடிவு செய்துவிடும்.

சின்ன மெல்லுடலிகளில், அதாவது இந்தச் சங்கு, மட்டி இனத்தில், இவ்வளவு நேரம் செலவழிப்பது தகுமா என்று உங்கள் ஆசிரியர் கேட்டால், பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவின் கூமாக் கரையைச் சொல்லுங்கள். பூஷே என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அங்கே 295 சதுர கிலோமீற்றரில் 2,738 இனக் கடல் மெல்லுடலிகளை எடுத்து 2002 இல் வெளியிட்டார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு இனங்களுக்கு ஒரே ஒரு மாதிரிதான் கிடைத்தது. அதாவது அத்தனை பேர் அத்தனை நாள் தேடியும் ஒற்றை ஓடு. வகையில் பெரும்பகுதி சின்ன உருவங்களில்தான் இருக்கிறது, அதிலும் அரிதானவையே அதிகம். ஒரு மில்லிமீற்றர் சல்லடை பாவித்தால் பலதைத் தண்ணீரோடு கொட்டிவிடுவீர்கள், அரை மில்லிமீற்றராவது பாவியுங்கள். இன்னொன்று, ஓரிடத்தில் ஐம்பது ஓடும் மற்ற இடத்தில் ஐந்நூறும் எண்ணிவிட்டு இன எண்ணிக்கையை ஒப்பிடக் கூடாது. கூட எண்ணினால் கூட வகை வரும். இதைச் சரிசெய்யத்தான் சாண்டர்ஸ் 1968 இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார், 1971 இல் ஹேர்ல்பேர்ட் அதன் கணக்கைத் திருத்தினார். எல்லா மாதிரியையும் ஒரே எண்ணிக்கைக்குக் குறைத்துவைத்து, அப்போது எத்தனை இனம் எதிர்பார்க்கலாம் என்று பார்ப்பது. இலவச மென்பொருள்களிலேயே இருக்கிறது.

மாதிரி எடுக்கும் இடத்தில் மணிப் பருமனோடு வேறு சிலதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கறுப்புப் படை எத்தனை சென்ரிமீற்றரில் தொடங்குகிறது, மணம் இருக்கிறதா, வளைகள் தெரிகின்றனவா, உடைந்த ஓடு எவ்வளவு, கல் எத்தனை அடி தூரத்தில், கால்வாய் வாய் பக்கத்தில் உண்டா. ஒரு ரூலரும் மூக்கும் போதும். இவற்றோடு வைத்துப் பார்த்தால்தான் மணிப் பருமன் பேசத் தொடங்கும்.

ஜனவரி, பெப்ரவரியில் காலை ஆறு மணிக்குப் போங்கள், நீர் வற்றும் நேரத்தைப் பார்த்துவிட்டு. வெள்ளவத்தையில் முதலில் மணலில் ஒரு சதுரச் சட்டம் வைத்து அதற்குள் இருப்பதை எடுங்கள், பிறகு கருங்கல்லின் நிழற்பக்கம், பிறகு இரண்டும் சந்திக்கும் அந்த ஓரடி. மூன்றாவது பையை முதலில் அரித்துப் பாருங்கள், என்ன கிடைத்தது என்று எழுதுங்கள். கல்லிலிருந்து ஏறி வரும்போது மட்டும் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பாருங்கள், அலைச் சத்தத்தில் ரயில் வருவது கேட்காது.